லூக்கா எழுதாமல் விட்ட பந்தி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை உச்சி நேரத்தில் வந்தது. வெந்த காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டு நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் உன் அம்மாவை வாசிக்கச் சொன்னேன். பீருமேட்டில் மழை விடவில்லை, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகுகிறது, கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்றெல்லாம் சந்தோஷமாக வாசித்துக்கொண்டு வந்தவள், இரண்டாம் பக்கத்தில் நிறுத்திச் சிரித்தாள். பிறகு எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கோட்டாற்றுச் சித்தப்பாவும் சித்தியும் வந்து உட்காராத பந்தியில் நீயும் உட்காரமாட்டாயாம். வேறு யாரையும் அனுப்பக்கூடாதாம், நானே நேரில் போய் அழைக்க வேண்டுமாம். மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் உனக்குப் பதில் வேண்டுமாம். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பது வழக்கம். மாப்பிள்ளையே ஆட்சேபணை சொன்ன ஓலை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்!

பெற்ற அப்பனுக்கு நிபந்தனை போட இவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று கத்தினேன். "நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துலதான்," என்றாள் உன் அம்மா. "வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு சொல்லுக புத்தி வேற எங்கேருந்து வரும்?" நான் மறுபடியும் உள்ளி உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளிதான் காரணம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

உனக்குப் பதிலை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்கு வந்து சேர எனக்கு ஒன்பது வருஷமும், வெந்துபோன ஒரு காலும், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் புத்தகமும் தேவைப்பட்டன. ஆகையால் நீ பொறுமையாக வாசிக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. பாயசம் வேண்டும் என்றால் பருப்பிலிருந்து வர வேண்டும்.

சித்தப்பா கல்யாணத்தன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பதினாறு வயது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய வருஷம். அரிசிக்கு ரேஷன். நெல் விளைகிற நாஞ்சில் நாட்டிலேயே, வயல் வரப்பில் உட்கார்ந்து ஜனங்கள் மரச்சீனிக் கிழங்கு தின்ற காலம். கோட்டாற்றில் பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்ற என் தம்பி ஞானமுத்து, அடுத்த தெருப் பெண் மிக்கேலம்மாளைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னான். அவர்கள் கத்தோலிக்கர், நாம் புராட்டஸ்டாண்ட். அவன் அந்தக் கோயிலிலேயே சேர்ந்துவிடுவதாகவும் சொன்னான். அப்பா இல்லாத வீட்டில் அவனைத் தோளில் சுமந்து வளர்த்தவன் நான். கல்யாணத்தன்று உன்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தீர்கள். நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஞானமுத்து மாப்பிள்ளைக் கோலத்தோடு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணே, உள்ள வாரும். நீரு வராம நான் இலையில கை வைக்க மாட்டேன்," என்றான்.

நான் கையை உதறினேன். உதறியதோடு நிற்கவில்லை. சமையல் நடந்த ஆக்குப்புரைப் பக்கமாக மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "புளிசேரி திரிஞ்சு போச்சு! கெட்ட மோரு! வயித்து மேல ஆசை உள்ளவன் எவனும் தொடாதீங்க!" என்றேன். தோவாளையிலிருந்து கோட்டாறு வரை கல்யாணச் சமையலுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று இருந்த நாள். சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. பந்தியில் பாதிப் பேர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார்கள். நான் உள்ளே பாய்ந்து உன்னையும் இழுத்து எழுப்பினேன். பருப்பும் நெய்யும் பிசைந்த உருண்டை உன் கையிலேயே இருந்தது. பஸ் ஏறும்வரை நீ அதைக் கீழே போடவில்லை.

பிறகு ஒன்பது வருஷம். சீரகமும் மிளகும் வாங்கக் கோட்டாற்றுக்குப் போகாமல் என் தொழில் நடக்காது. ஞானமுத்து சொந்தமாகக் கடை போட்டுவிட்ட தெருவைத் தவிர்த்து, பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என்னுடைய சதையும் ஆடத்தான் செய்தது, நான் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்துவிடுவேன்.

இந்தச் சித்திரையில் நம் கோயிலில் அசனம் நடந்தபோது, சபையார் எல்லாரும் ஒன்றாக உண்ணுகிற சோற்றை வடிக்கையில், கொதிக்கிற கஞ்சி என் வலது காலில் கொட்டியது உனக்குத் தெரியும். ஆறு வாரம் படுக்கை. நடக்க முடியாத சமையல்காரனைப் போல ஒரு தொல்லை வீட்டுக்கு வேறு கிடையாது. கட்டிலில் கிடந்தபடியே அடுப்படிக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க மாட்டாமல் உன் அம்மா உன் பழைய பெட்டியைக் குடைந்து, லூக்கா சுவிசேஷம் மட்டும் தனியாக அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்றை என் நெஞ்சுமேல் போட்டாள். "வாயை மூடிக்கிட்டு இதைப் படியுங்க," என்றாள். எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். அதுவே நல்லதாகப் போயிற்று. வேகமாகப் படிக்கத் தெரிந்தவன் கண்ணில் படாத சங்கதிகள் என் கண்ணில் பட்டன.

அதுவரை இயேசுவை நான் துண்டு துண்டாகத்தான் அறிந்திருந்தேன். பிரசங்கத்தில் ஒரு துண்டு காதில் விழும். மீதி நேரம் மத்தியானச் சாம்பாருக்குப் பூசணியா தடியங்காயா என்று மனசு ஓடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் அவர் பல நாள் பட்டினி கிடந்தவர் போல இருப்பார். லூக்கா காட்டுகிற ஆள் அப்படியில்லை, மக்கா. இந்த மனுஷன் சாப்பிடுகிறார்! ஒரு அதிகாரம் விட்டு ஒரு அதிகாரம் யாராவது ஒருவர் வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். வரி வசூலிப்பவன் விருந்து வைத்தால் போகிறார், அவனைத் திட்டுகிற பெரிய மனுஷன் கூப்பிட்டாலும் போகிறார். கண்டவனோடெல்லாம் உட்கார்ந்து தின்கிறான், தின்னிப் பயல், குடியன் என்று ஊரே பேசுகிறது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். முப்பது வருஷம் பந்தி பார்த்தவன் நான். இலைமுன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேருக்குக் கொறிப்பவனை ஊரில் யாரும் தின்னி என்று சொல்லமாட்டார்கள். ரசித்து, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுச் சாப்பிடுகிறவனுக்குத்தான் அந்தப் பேர் வரும். செத்து உயிரோடு எழுந்து வந்தபிறகுகூட, பயந்து போய் நிற்கிற சீஷர்களிடம் அவர் கேட்பது தின்ன ஏதாவது இருக்கிறதா என்றுதான். மீன் துண்டு கொடுக்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே தின்று காட்டுகிறார். நம் கடற்கரைப் பக்கத்தில் பிறக்க வேண்டிய மனுஷன்!

ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்ட கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அது அற்புதம், ஆகையால் எனக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று விட்டிருந்தேன். இப்போது படித்தால், அவர் முதலில் சொல்வது என்ன தெரியுமா? ஜனங்களை ஐம்பது ஐம்பது பேராக உட்கார வையுங்கள் என்கிறார். "ஏட்டி, இங்க வா! இவருக்குப் பந்தி வைக்கத் தெரிஞ்சிருக்கு!" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். பசித்த கூட்டத்தைச் சும்மா விட்டால் முந்துகிறவனுக்குக் கிடைக்கும், கிழவிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கிடைக்காது. பந்திக்கு முந்து என்று பழமொழியே வைத்திருக்கிறோம் நாம். உட்கார வைத்துவிட்டால் எல்லாரும் சமம், பரிமாறுகிறவன்தான் குனிய வேண்டும். இவர் கையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார், சீஷர்கள் குனிந்து குனிந்து பரிமாறுகிறார்கள். அவர்களுக்கு அன்றைக்கு இடுப்பு என்ன வலி வலித்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. மார்த்தாள் என்கிற பொம்பளை அடுப்படியில் தனியாக வெந்துகொண்டிருக்கிறாள், தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கதை கேட்கிறாள். மார்த்தாள் வந்து முறையிட்டால் அவளுக்கே புத்தி சொல்கிறார். இரண்டு நாள் எனக்குக் கோபம் ஆறவில்லை. சமைக்கிறவனின் பாடு இவருக்கும் தெரியவில்லையே என்று புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டேன். மூன்றாம் நாள் உன் அம்மாதான் கேட்டாள். "அவரு சோறு வேண்டாம்னு சொன்னாரா? இத்தனை கறி எதுக்கு, நீயும் வந்து உக்காருன்னுதானே சொல்லுகாரு? இருபத்தாறு வருஷமா நானும் உங்ககிட்ட அதைத்தானே சொல்லுகேன்?" தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன்.

உனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்ததே, இருபத்தோராம் நாள் காய்ச்சல் இறங்கி நீ கண் திறந்தாயே, அப்போது சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னோம். உன் அம்மா முழங்கால் போடவில்லை. கஞ்சி வைக்க ஓடினாள். நன்றி இல்லாதவள் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார், நானும் தலையை ஆட்டினேன். லூக்காவில் செத்துப்போன பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இயேசு கையைப் பிடித்து எழுப்புகிறார். பெற்றவர்கள் பிரமித்து நிற்கிறார்கள். அவர் உடனே அந்தப் பிள்ளைக்குத் தின்ன ஏதாவது கொடுங்கள் என்கிறார். உலகத்தையே புரட்டுகிற ஒரு வேலையைச் செய்துவிட்டு, பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைக்கிற மனசு. அந்த இடத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அன்றைக்குத் தலையை ஆட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுப்பை ஊதுவது போலத் திரும்பிக்கொண்டாள்.

இனி, உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய இடம். சீமோன் என்று ஒரு பெரிய மனுஷன் அவரை விருந்துக்கு அழைக்கிறான். வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கவில்லை, வாவென்று கட்டிப்பிடிக்கவில்லை, தலைக்கு எண்ணெய் கொடுக்கவில்லை. நம் ஊரில் சம்பந்தக்காரருக்குக் கிண்டியில் தண்ணீர் வைக்க மறந்தால் கல்யாணமே நின்றுபோகும். இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு ஊரில் கெட்டபேர் வாங்கிய ஒரு பெண் உள்ளே வந்து, அவர் காலைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். சீமோன் அவளை மனசுக்குள் இளப்பமாக நினைக்கிறான். அப்போதுதான் இவர் வாயைத் திறக்கிறார். தண்ணீர் தரவில்லை, முத்தம் தரவில்லை, எண்ணெய் தரவில்லை என்று ஒன்று விடாமல் சொல்கிறார். அப்படியானால் வந்த நிமிஷமே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்! தனக்காக அதைச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பரிந்து பேசத்தான் அதை எடுக்கிறார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கும் அதே கண்தான் இருக்கிறது, மக்கா. எந்தப் பந்தியிலும் எது குறைவு என்று ஒரு பார்வையில் தெரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? ஊரில் யாருக்கும், உன் அம்மாவுக்கும்கூட ஒன்பது வருஷம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அன்று கோட்டாற்றில் புளிசேரி திரியவில்லை. நல்ல வாசனை வந்துகொண்டிருந்தது. தேங்காயும் சீரகமும் பதமாக அரைத்து, மோர் கொதிக்கும் முன்னால் இறக்கிய, கை தேர்ந்த ஆள் வைத்த புளிசேரி. அதுதான் என்னைக் கொளுத்தியது. சபை, வேதம், கோயில் என்று ஊருக்குச் சொன்னதெல்லாம் மேல்பூச்சு. என் தம்பியின் கல்யாணத்துக்கு வேறு ஒருவன் சட்டுவம் பிடித்தான், என்னைச் சமைக்கக் கூப்பிடவில்லை. உள்ளே இருந்தது இவ்வளவுதான். அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணச் சோற்றைக் கெட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு இளைய மகன் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற கதை வந்தது. எல்லாரும் அந்த இளையவனைப் பற்றித்தான் பிரசங்கம் செய்வார்கள். நான் படித்தபோது மூத்தவன்தான் என் முன்னால் நின்றான். வயலிலிருந்து வருகிறான், உள்ளே பாட்டும் கூத்தும் கேட்கிறது. விருந்து என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவனிடம் யாரும் கேட்காமல் கன்றை அடித்துச் சமைத்துவிட்டார்கள். எனக்கு அவன் கோபம் அப்படியே புரிந்தது. அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவே இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அங்கே வேறு கதை.

அந்த நிலையில்தான் உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு நாள் போவோமா வேண்டாமா என்று கட்டிலுக்கும் வாசலுக்கும் நொண்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தமிழ் பேசுக நம்ம நாலு தாலுகாவும் மதராசோட சேரப்போகுதுன்னு ஊரே பேசுது. மண்ணே தன் ஆளுகளோட சேரப் போகுது. நீங்க ஒரு பஸ்ஸு ஏறித் தம்பி வீட்டுக்குப் போகமாட்டீங்களா?" என்றாள். சனிக்கிழமை காலை வேட்டியை எடுத்துக் கட்டினேன். அவள் ஒரு கூடை நிறைய முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றேன். தின்பண்டத்தோடு போனால் நான் மறுபடியும் சமையல்காரனாகத்தான் போவேன். இயேசு ஆட்களை அனுப்பும்போது பையும் எடுக்காதே, வைத்ததைச் சாப்பிடு என்றுதான் சொல்லி அனுப்புகிறார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, மக்கா. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போனேன். கடை சாத்தியிருந்தது, பின்னால் வீடு. கதவைத் திறந்தது மிக்கேலம்மாள். அன்றைக்கு மணக்கோலத்தில் பார்த்ததோடு சரி. மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த சக்கேயுவைப் பார்த்து, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப் போகிறேன் என்று இயேசு தானாகவே போய் விருந்தாளி ஆகிறாரே, அந்தத் தைரியத்தை பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"பிள்ளே, இன்னைக்கு எனக்கு உங்க வீட்டுலதான் சாப்பாடு," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உப்பு போதாதுன்னு சொல்லுகதுக்கா வந்தீங்க, அத்தான்?"

"இல்ல. ஒண்ணும் சொல்லமாட்டேன். சோறு மட்டும் போடு."

அவள் உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. கோபத்தில் எடுத்து வைக்கிறாளா, சோறு போட எடுக்கிறாளா என்று சத்தத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. என் தொழிலில் இது எனக்கு முதல் தடவை. படியில் நின்றுகொண்டிருந்தேன். ஞானமுத்து வெளியே வந்தான். தலை நரைத்திருந்தான். நான் பார்க்காத ஒன்பது வருஷத்தில் நரைத்திருக்கிறான். அன்று பிடித்த அதே மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணே, உள்ள வாரும்," என்றான்.

இலை போட்டாள். சோறு, மீன் குழம்பு, ஒரு கிண்ணம் புளிசேரி. "காலையில வச்சது. மோந்து பாத்துட்டுச் சாப்பிடுங்க," என்றாள். நான் மோந்து பார்க்கவில்லை. சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். வெந்தயம் ஒரு நுள்ளு அதிகம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். "பிள்ளே, அன்னைக்கு உங்க புளிசேரி திரியல்ல. நான் சொன்னது பொய்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும். எங்க அப்பா ரேஷன் அரிசியைப் பிடி பிடியா ஒதுக்கி, ஆறு மாசம் எங்களை மரச்சீனி தின்ன வச்சு ஆக்கிப் போட்ட சோறு அது. எல்லாரும் போனதுக்கு அப்புறம் அவரு பெரிய வார்ப்புப் பாத்திரத்துப் பக்கத்துல உக்காந்து, கரண்டி கரண்டியா அந்தப் புளிசேரியைக் குடிச்சுக் குடிச்சுப் பாத்தாரு. 'திரியல்லியே மக்ளே, திரியல்லியே'ன்னு சாவுக வரைக்கும் சொன்னாரு." அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இனி வழியில்லை. இலைமுன் உட்கார்ந்து நான் அழுதேன், மக்கா. சோற்றில் உப்பு கூடிப்போகும் அளவுக்கு அழுதேன்.

"எதுக்கு அப்படிச் சொன்னீரு?" என்றான் ஞானமுத்து. என்னைச் சமைக்கக் கூப்பிடாத கோபம் என்றேன். அவன் என்னையே பார்த்தான். "நீரு என்னைக்காவது ஒரு பந்தியில உக்காந்து தின்னுருக்கீரா? நம்ம அக்கா கல்யாணத்துல புகையில நின்னீரு, உம்ம கல்யாணத்துக்கே ஆக்குப்புரையில போய் உப்பு பாத்தீரு. எங்கண்ணனை என் கல்யாணத்துலயாவது முதல் இலையில உக்கார வைக்கணும்னுதான் வேற ஆளைச் சமைக்க வச்சேன். அப்பா உக்காரவேண்டிய இடத்துல உமக்கு இலை போட்டிருந்தேன். நீரு வெளியே நின்னுட்டீரே!" எனக்கு இலை போடுவதற்காகச் செய்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் நான் அன்று பொறாமையில் வெந்திருக்கிறேன். அறுபதைத் தொடப்போகிற வயதில் ஒருவனுக்குத் தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று தெரியவருவது நல்லதுதான். பாக்கி நாளாவது லேசாகக் கழியும்.

கண்ணைத் துடைத்துவிட்டு, சக்கேயு கதை கொடுத்த தைரியத்தில்தான் வந்தேன் என்று சொல்லி, உன் கல்யாணத்துக்கு அழைத்தேன். ஞானமுத்து சரி என்று தலையாட்டுவதற்குள் மிக்கேலம்மாள் குறுக்கே வந்தாள். "சும்மா வரமுடியாது. சக்கேயு தான் ஏமாத்தினதை நாலு மடங்கு திருப்பிக் குடுத்தான்லா? எங்க கோயில்லயும் அதைத்தான் வாசிக்காங்க. கல்யாணத்துக்கு எத்தனை பந்தி?"

"நாலு."

"நாலு பந்திக்கும் புளிசேரி நான் வைப்பேன். நாலு பந்தியிலயும் நீங்க பந்தல்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, அன்னைக்குப் போட்ட அதே சத்தத்துல 'புளிசேரி கொள்ளாம், நல்லாயிருக்கு'ன்னு சொல்லணும்."

"திரிஞ்சு போச்சுன்னா?" என்று என் தொழில் புத்தி கேட்டுவிட்டது.

"போச்சுன்னா பொய் சொல்லுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

ஞானமுத்து சிரித்த சிரிப்பில் தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்தன. நானும் சிரித்தேன். ஒன்பது வருஷத்துச் சிரிப்பு பாக்கி இருந்ததோ என்னவோ, நிறுத்த முடியவில்லை. அவனும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டான். உன் கல்யாணத்தில் நான் சட்டுவம் தொடக்கூடாது. முதல் பந்தியில் சத்தம் போட்டு முடித்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நம் வம்சத்துக்கே நிபந்தனை போடுகிற வியாதி இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஆகையால் சமையலுக்கு வேறு ஆள் சொல்லியாகிவிட்டது. தோவாளையில் பிச்சிப்பூவுக்கும் சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது கல்யாணம் கழிந்த வாழ்க்கைக்கு உனக்குப் புத்திமதி சொல்ல வேண்டும் என்று உன் மாமனார் என்னிடம் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்தது சாப்பாடு மட்டும்தான். உன் பெண்டாட்டி வைக்கிற முதல் குழம்பு கரிந்திருக்கலாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் தட்டைத் தள்ளிவிட்டேன். உன் அம்மா ஒரு மாதம் எனக்குச் சமைக்கவில்லை. பெரிய சமையல்காரர் தானே ஆக்கித் தின்னட்டும் என்று விட்டுவிட்டாள். நீ அப்படிச் செய்யாதே. குறை உன் கண்ணில் படாமல் இருக்காது, என் மகன்தானே நீ. பார்த்துக்கொள், விழுங்கிக்கொள். யாராவது அவளை உன் முன்னால் இளப்பமாகப் பேசினால் மட்டும் வாயைத் திற, அப்போது ஒன்று விடாமல் சொல். அடுப்படியில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை. அழைக்காத வீட்டுக்கும் போ, வெறுங்கையோடு போகப் பயப்படாதே. அந்தச் சின்னப் புத்தகத்தில் நான் கண்ட மனுஷன் இப்படித்தான் இருந்தார். என் பேச்சைவிட அவர் சாப்பிட்ட விதம் உனக்கு உதவும்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. உன் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள். அன்றைக்குப் பாதியில் எழுப்பிய உன் இலையை இந்தத் தடவை முழுக்கச் சாப்பிட்டு முடி, உன்னைத் தொட யாரும் வரமாட்டார்கள். பந்தியில் எப்படி உட்காருவது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, நீ கொஞ்சம் முந்தியே வந்து பக்கத்தில் இரு. லூக்கா எழுதாமல் விட்டதை உனக்காக நான் எழுதிவிடுகிறேன். மூத்தவன் உள்ளே போனான், மக்கா. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். சோறு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான்.

இப்படிக்கு
உன் அப்பா